காலிப் பெட்டிக்குள் எலுமிச்சம்பழம்

சந்தனமும் பெட்ரோலும் கலந்து வருகிற வாசனை ஆண்டுக்கு ஒரு நாள்தான் எழும். ஆயுத பூசையன்று ஈப்போவில் நம் வாடகைக் கார்கள் நிற்கும் மரத்தடிக்கு வந்தால் தெரியும். பானெட்டில் விபூதிப் பட்டை, விளக்குக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சை. நீங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நல்ல வாசனைதான். எனக்கு மட்டும் அது மூக்கில் ஏறியதும் அங்கே நிற்க முடிவதில்லை. போன பூசைக்கு மரியாதையாக அழைத்து எனக்கு மாலை போட்டீர்கள். நான் சுண்டலைக் கையில் வாங்கியபடியே பாதியில் போய்விட்டேன். "அண்ணனுக்கு என்னமோ கோபம்" என்று பேசிக்கொண்டீர்களாம். கோபம் இல்லை, தம்பிகளே. பயம். கண் மங்கி ஸ்டியரிங்கை விட்ட பிறகும் என்னை விடாத பயம்.

அவசரப் பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று உங்களில் புதியவர்கள் கேட்டிருந்தீர்கள். ஜாக்கி, பம்ப், டயர் நெம்பி, ஒட்டுப் போடும் ரப்பர், பசை, கயிறு. இதையெல்லாம் சாமான் கடைக்காரரே சொல்லிக் கொடுப்பார்; சொல்லாததையும் சேர்த்து விற்பார். நான் சொல்ல வந்தது வேறு. எல்லாம் இருந்த ஒரு பெட்டி, தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் மட்டும் காலியாக இருந்ததைப் பற்றி. ஏன் காலியாக இருந்தது என்பதுதான் இன்றுவரை என்னை உலுக்குகிறது. திருட்டு இல்லை, மறதி இல்லை, சோம்பல் இல்லை. பக்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். தோட்டத்துக்கு ஒரு கார். துணிக் கூரை, கதவு என்று சொல்ல முடியாத அரைக் கதவுகள், இரண்டு பக்கமும் நீள மிதிபலகை. டிரைவர் பக்கத்து மிதிபலகையின் மேல் ஓர் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியின் சொந்தக்காரர் பெரிய டிரைவர். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை. அவர் பெரிய டிரைவர், நான் சின்ன டிரைவர். அவ்வளவுதான்.

அவருக்கு அந்தப் பெட்டி மேல் இருந்த பிரியம் ஊர் சிரிக்கிற பிரியம். தினமும் காலையில் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை போய் ஜாக்கியைத் தொடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரஸரிடம் கெஞ்சி வாங்கிய டிஞ்சரும் கட்டுத்துணியும் ஒரு தகர டப்பாவில் மூலையில் இருக்கும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமல் சிரிக்க வைப்பவர். ஒரு நாள் பெட்டியை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஓய், உம்முடைய பெட்டிக்குள்ள ஒரு பெண்சாதி மட்டும்தான் இல்லை. அதையும் வாங்கி வைச்சீரெண்டால் முழுச் சமுசாரம்."

"அதுக்கு எடம் இருக்கு கிராணியாரே. ஜாக்கிதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார் பெரிய டிரைவர்.

ஆயுத பூசை வந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து கவிழ்ப்பார். தோட்டத்தில் அதுதான் முறை. மாரியம்மன் கோயில் முன் மண்டபத்தில் பலகை போட்டு, பால்வெட்டுக் கத்தி, மண்வெட்டி, ஆலைச் சுத்தியல், கிராணியாரின் பேனா, பங்களாச் சமையலறைக் கத்தி எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு படுத்திருக்கும். நடுவில் எங்கள் சாமான்கள். ஸ்டெப்னிச் சக்கரத்தை முருகன் படத்துக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து மாலை போட்டால், பிரபை வைத்தது போல் இருக்கும். ஆண்டு முழுக்க உழைத்த இரும்புக்கு ஒரு நாள் ஓய்வு. மறுநாள் காலை மறுபூசை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் தொட்டவன் தொழிலுக்கு ஆகாது என்று நம்பிக்கை. அழகான வழக்கம்தான். இப்போதும் சொல்கிறேன், அழகான வழக்கம்.

ஆனால் பாருங்கள், இரும்புக்குத்தான் ஓய்வு, காருக்கு இல்லை. பூசை முடிந்ததும் எலுமிச்சை நசுக்கி, வாழைக்கன்று கட்டிய காரில் ஏறுகிற அளவுக்கு ஆள் ஏறி, தோட்டத்தைச் சுற்றிப் பெரிய ரோடு வரை போய்த் திரும்புவோம். அதுவும் முறைதான். ஆண்டில் கார் மிக அதிகமான பாரம் ஏற்றிக்கொண்டு ஓடுகிற நாளும், அதன் பெட்டியில் ஒரு திருகாணிகூட இல்லாத நாளும் ஒரே நாள். எத்தனை பூசை பார்த்தோம்! ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை. கண் இருந்தது. தலை இருந்தது. பார்க்கவில்லை.

அன்று தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வேறொரு தொரையின் காரில் ஈப்போவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார். மழை காத்திருக்கிற பிற்பகல். பெரிய டிரைவர் புதுச் சட்டையோடு ஸ்டியரிங்கில். நான் பக்கத்தில். பின்னால் கிராணியார், பங்களாக் குசினியில் சமைக்கும் சூசை, இன்னும் மடிமேல் மடியாக நாலைந்து பேர். மிதிபலகையில் தொழிலாளர் லயத்து இளவட்டங்கள் தொங்கினார்கள். பானெட் மேல் ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்தியிருந்தது. விளக்குக் கம்பியில் கோயில் பட்டுத்துணி.

"சூசையண்ணே, நீங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர், ஒங்களுக்கு என்ன இந்த ஊர்வலம்?" என்று ஒருத்தன் கேட்டான்.

"சுண்டலுக்கு வேதம் ஏதுடா? பேசாம தள்ளி ஒக்காரு" என்றார் சூசை, வாய் நிறையச் சுண்டலோடு.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெடித்தது. ஆற்றோரத்து இறக்கத்தில், வலது பக்கத்து முன் டயர். கார் வலப்புறம் இழுத்தது. பெரிய டிரைவர் முழு உடம்பையும் ஸ்டியரிங்கில் போட்டுத் திருப்பினார், திரும்பவில்லை. ரோட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கி, சாய்ந்து, ஒரு ரப்பர் மரத்தில் இடித்து நின்றது. இளவட்டங்கள் குதித்துவிட்டார்கள். நான் இடது பக்கமாக எறியப்பட்டுச் சேற்றில் கிடந்தேன். எழுந்து பார்க்கிறேன். எல்லோரும் இருக்கிறார்கள். அவர் மட்டும் இல்லை.

காருக்கு அடியில் இருந்தார். வலது தொடை மேல் மிதிபலகை அழுத்தியிருந்தது. அந்த மிதிபலகை மேல் அவருடைய பெட்டி. புதுச் சட்டையில் ஒரு பொத்தான்கூடக் கழன்றிருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே வேறு உலகம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதவர் போல முழித்தார்.

தம்பிகளே, அந்த நேரத்தில் மனசு என்ன செய்யும் தெரியுமா? ஒன்றும் செய்யாது. மழைக்கு முந்திய வெளிச்சத்தில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு சக்கரம் ஆகாயத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அதை நிறுத்த வேண்டும் போலிருந்தது. அதை மட்டும்.

அப்புறம் மூக்கு வேலை செய்தது. பெட்ரோல். டாங்கியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் புல்லில் இறங்குகிறது. ஒரு கை தூரத்தில் அந்த வாழைப்பழம் உருண்டு கிடக்கிறது, ஊதுபத்தி அணையவில்லை. புகை நூல் மாதிரி நேராக எழுகிறது. நான் அவரைத் தாண்டி ஓடினேன். ஊதுபத்தியைச் சேற்றில் அமுக்கி அணைத்து, பழத்தை ஆற்றுப் பக்கம் எறிந்தேன்.

"மனுசன் அடியில கெடக்குறாரு, இவன் பழத்தப் பொறுக்குறான்! இவனத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கடா!" என்று யாரோ அலறினார்கள். அலறட்டும். முதலில் நெருப்பு, பிறகு மனுசன். இதை எழுதி மடியில் முடிந்துகொள்ளுங்கள். நெருப்பு வந்துவிட்டால் மனுசன் என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார்.

அதற்குள் இளவட்டங்கள் மிதிபலகையில் கை கொடுத்துவிட்டார்கள். "ஏலேலோ" என்று தூக்கினார்கள். பிள்ளைகள் நல்ல பலசாலிகள். கார் எழுந்தது, மரத்திலிருந்து நழுவியது, பாரம் ஒரு விரல்கடை இன்னும் கீழே இறங்கி உட்கார்ந்தது. பெரிய டிரைவர் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அவர் குரல் அது என்று நம்ப எனக்கு நேரமானது.

"யாரும் தூக்காதீங்க! கைய எடுங்க! எடுங்கடா!" என்று கத்தினேன். அந்தச் சரிவில் பத்துக் கை பத்துப் பக்கம் இழுக்கும். அங்கே வேண்டியது பலம் இல்லை. நூல் நூலாக ஏறி, ஏறிய இடத்தில் நிற்கிற ஒன்று வேண்டும். ஜாக்கி வேண்டும்.

கை தானாகப் பெட்டிக்குப் போனது. மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு வெற்றிலை. அதன் மேல், குங்குமம் வைத்த ஓர் எலுமிச்சம்பழம்.

பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது என்று அவரே காலையில் வைத்தது. எத்தனை நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. அந்த மஞ்சள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பார்வை மங்கிய பிறகும் அது மங்கவில்லை.

சூசையைக் கோயிலுக்கு ஓடச் சொன்னேன். தேநீர்க்கடை வளைவு தாண்டினால் கோயில். "ஜாக்கி, ஒரு பலகை, கட்டுத்துணி டப்பா. ஓடுங்கண்ணே!" அவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். நாங்கள் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். கிராணியார் பெரிய டிரைவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சிரிக்க வைக்கிற அந்த மனிதர் விரலால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சூசை திரும்பி வந்தார். வெறுங்கை.

"குடுக்க மாட்டேங்குறாங்க. மறுபூச ஆகலயாம். நான் உள்ள கால வைக்கவும் கூடாதுங்குறாரு கங்காணி. இன்னைக்குத் தொட்டா உசுரு போயிருமாம்." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு அதிர்ந்தவர் போல அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பெரிய டிரைவர் பேசினார். "எடுக்காதே."

"அண்ணே..."

"நான் வச்சதுடா அது. எடுத்தா ஓட்டுறவனுக்கு ஆகாது. எனக்கு முடிஞ்சிபோச்சி. இனிமே ஓட்டப்போறது நீ." மூச்சு வாங்கினார். "ஒனக்கு ஆகாதுடா."

தொடை மேல் காரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எனக்காகப் பயப்படுகிறார். இதை என்னால் அன்றும் தாங்க முடியவில்லை, இன்றும் தாங்க முடியவில்லை. அவர் சொல்லை மீறியதே இல்லை நான். எந்தக் கியரில் எந்த மேடு ஏற வேண்டும் என்பது முதல் எந்தக் கடையில் தேநீர் குடிக்க வேண்டும் என்பது வரை அவர் சொன்னதுதான் எனக்கு. திரும்பிக் கோயிலைப் பார்த்து ஓடினேன். முதுகுக்குப் பின்னால் "டேய், எடுக்காதே" என்று இன்னொரு தடவை கேட்டது.

மண்டபத்து வாசலில் கங்காணி இரண்டு கையையும் விரித்து நின்றார். தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தவர் அவர். கோயிலைக் கட்டியவரும் அவர். அவர் பின்னால் பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஜாக்கி சந்தனப் பொட்டோடு சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"தொடாதே தம்பி. நான் கெட்டவன் இல்ல. மொறை அது."

"அடியில கெடக்குறது பெரிய டிரைவருங்க."

"தெரியும்டா! தெரியாமயா நிக்கிறேன்?" அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "வச்சது அவரு கை. வச்ச கை சொல்லாம எடுக்கலாமா? அவரு எடுக்கச் சொன்னாரா? அத மட்டும் சொல்லு."

"சொன்னாரு" என்றேன்.

சாமி முன்னால் நின்று சொன்னேன். நாக்கு தடுமாறவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கங்காணி என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா, நம்ப விரும்பினாரா, எனக்குத் தெரியாது. சட்டென்று திரும்பி உள்ளே போனார். கற்பூரத்தை அள்ளித் தட்டில் போட்டுக் கொளுத்தினார். ஒரே சுற்று. செம்புத் தண்ணீரை எடுத்துச் சாமான்கள் மேல் வீசினார். ஸ்டெப்னி மேல், கத்திகள் மேல், என் மேல். மந்திரம் பாதிதான் வாயில் வந்தது.

"நாளைக்குச் செய்ய வேண்டிய மறுபூசய இப்பவே செஞ்சிட்டேன். முடிஞ்சிச்சி. எடுத்துக்கிட்டு ஓடு! பலகையயும் எடு! எல்லாரும் எடுங்கடா!"

அத்தனை பேரும் ஓடினோம். ஜாக்கி என் கையில். கங்காணியே பூசைப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். மழை பிடித்துக்கொண்டது. சந்தனம் கரைந்து என் முழங்கையில் வழிந்தது.

ஜாக்கியை வைக்கப் போனபோது கிராணியார் என் கையைப் பிடித்தார். "பொறும். முதல்ல தொடைக்கு மேல இறுக்கிக் கட்டும். பாரம் எழும்பினவுடன ரத்தம் பாயும். டிரஸர் சொல்லக் கேட்டிருக்கிறன்." டப்பாவில் இருந்த கட்டுத்துணி அந்தத் தொடைக்குப் பத்தாது. விளக்கில் கட்டியிருந்த கோயில் பட்டுத்துணியை அவிழ்த்துக் கட்டி, ஒரு ரப்பர்க் குச்சியைச் செருகி முறுக்கினோம்.  குச்சியைப் பிடித்துக்கொண்டது கங்காணிதான். சேற்றில் பலகை, பலகை மேல் ஜாக்கி. பலகை இல்லாமல் வைத்திருந்தால் ஜாக்கி மண்ணுக்குள் போயிருக்கும், கார் அப்படியே இருந்திருக்கும். ஒரு பல், இன்னொரு பல். கல் கொடு. இன்னொரு பல். மழைச் சத்தத்தில் அந்தக் கிளிக் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. வெளியே இழுத்தோம்.

ஈயச் சுரங்கத்துச் சீனர் ஒருவரின் லோரி அந்தப் பக்கம் வந்தது. கேள்வி கேட்காமல் மண்ணைக் கொட்டிவிட்டு ஏற்றிக்கொண்டார். உயிர் இருந்தது. கால் இல்லை; ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். அதற்குப் பிறகு நான் எத்தனையோ கார் ஓட்டினேன். எந்தப் பூசையிலும் என் பெட்டியைக் கவிழ்த்ததில்லை. மூடிக்கு மேலே சந்தனம் வைப்பேன். சாமிக்கு மூடி ஒரு தடையா? ஜாக்கியோடு எப்போதும் ஒரு தடிப்பலகை இருக்கும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஒரு பை உலர்ந்த மணல், பெட்ரோல் சிந்தினால் போட. தண்ணீர் இரண்டு போத்தல், ஒன்று ரேடியேட்டருக்கு, ஒன்று மனுசனுக்கு, மாற்றாதீர்கள். அகலமான பருத்தித் துணி, மெல்லியது வேண்டாம். முறுக்க ஒரு குச்சி. ஒரு கூரான கத்தி. வண்டியை மராமத்து செய்கிற சாமான் பாதி, மனுசனை மராமத்து செய்கிற சாமான் பாதி. இன்னும் ஒன்று: பெட்டி எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று உங்கள் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காட்டி வையுங்கள். அடியில் கிடப்பது நீங்களாக இருக்கலாம்.

சாமானைவிடப் பெரிய விசயம், எது முதலில் என்பது. நெருப்பு. பிறகு, தூக்குகிற கைகளை நிறுத்துவது. நல்ல மனசோடு வருகிற கைகள்தான் அதிகம் கெடுக்கும். பிறகுதான் ஜாக்கி. அதற்குக் குறுக்கே மொறை வந்து நின்றால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு ஒரு கங்காணி வாய்த்தார். நாளையை இழுத்து இன்றைக்குள் போடத் தெரிந்த கங்காணி. உங்களுக்கு வாய்ப்பார் என்று நான் சொல்ல முடியாது.

காயம் ஆறியதும் பெரிய டிரைவர் ஊருக்குக் கப்பல் ஏறப் புறப்பட்டார். பினாங்குக்குப் போக ஈப்போ ஸ்டேஷனுக்கு நான்தான் காரில் கொண்டுவந்தேன். வழி முழுக்க அவர் பேசியது காரைப் பற்றித்தான். பிரேக் இழுக்கிறது, கிளட்ச்சைக் காலால் உதைக்காதே, விளக்கைத் துடை. அந்த ஆற்றோரத்து இறக்கம் வந்தபோது மட்டும் பேச்சு நின்றது. நான் மெதுவாக ஓட்டினேன். அவர் ரப்பர் மரத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊன்றுகட்டையை அக்குளில் வைத்து அவரை ரயிலில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மூட்டையை மேலே போட்டேன். இறங்கி ஜன்னலுக்குக் கீழே நின்றேன். 

"தொரைகிட்ட சொல்லி இன்னொரு ஜாக்கி வாங்கு" என்றார். "ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு பெட்டிக்கு."

"சரிண்ணே."

கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். அவர் குனிந்து முகத்தை ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்தார்.

"கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தாருடா. நான்தான் எடுக்கச் சொன்னேன்னு நீ சொன்னியாமே?"

நான் தலை குனிந்தேன். வண்டி அசைந்தது. ஜன்னலோடு நடந்தேன், நடை ஓட்டமாயிற்று. அவர் கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

"நல்ல வேளடா, தம்பி. அன்னைக்கு நான் எடுக்கச் சொன்னேன்."